தாதியர் படிப்பு: வன்னியிலிருந்து சேரும்போது பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பக்கத்துக் குடும்பம். தங்கச்சி உயர்தரம் உயிரியல் பிரிவில் ஒரு சி, இரண்டு எஸ் எடுத்துச் சித்தியடைந்திருக்கிறார். தாதியாக வர விருப்பம். கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனம் "ஒன்றரை வருட நேர்சிங் டிப்ளோமா, சனி ஞாயிறு வகுப்பு, அரச அங்கீகாரம், வெளிநாட்டு வேலை" என்று சொல்லி முற்பணம் கேட்கிறது. அரசாங்கப் பயிற்சிக்குக் காத்திருக்கச் சொல்கிறார் ஒரு ஆசிரியர். கம்பஸுக்குப் போடச் சொல்கிறார் இன்னொருவர். சித்தப்பா இந்தியாவுக்கு அனுப்பலாம் என்கிறார். எதில் சேர்ப்பது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த முற்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும், சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பத்தையும் இரண்டையும் போடுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இலங்கையில் ஒருவர் தாதியாகத் தொழில் செய்ய வேண்டுமென்றால் அவருடைய பெயர் இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவேட்டில் ஏற வேண்டும். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பேரவை அது. சுவரில் மாட்டிய சான்றிதழ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்தப் பதிவுக்கு வழிவிடாத படிப்பு தாதியர் படிப்பு ஆகாது. அரச வைத்தியசாலை எடுக்காது, வெளிநாட்டுத் தாதியர் பேரவைகளும் "உங்கள் நாட்டில் பதிவு இருக்கிறதா" என்றுதான் முதலில் கேட்கும். ஆகவே எந்தக் கல்லூரி நல்லது என்று தேட முன்னர், இதை முடித்தால் பேரவையில் பதியலாமா என்ற ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம், வைபர் செய்தியும் வேண்டாம். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், திகதியும் கையொப்பமும் உள்ள பதில். அதன்பின் அதே கேள்வியைப் பேரவைக்கும் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் கடிதம் கேட்ட உடனேயே பேச்சின் சுருதி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

"அரச அங்கீகாரம்" என்ற சொல்லில்தான் நம் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் நாலு வேறு விடயங்கள் ஒளிந்திருக்கின்றன. கம்பனிப் பதிவு ஒன்று. அது கடை திறக்கவும் கிடைக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிந்திருப்பது இரண்டாவது. பயிற்சி நடத்தும் இடமாக அதை ஏற்றுக்கொண்டதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் மூன்றாவது. அது குறிப்பிட்ட தொழிலுக்குக் குறிப்பிட்ட மட்டத்தில் தேர்ச்சி இருக்கிறது என்கிறது. நாலாவதுதான் தாதியர் பேரவையின் ஏற்பு. விளம்பரத்தில் முதல் மூன்றில் ஏதோ ஒன்றைக் காட்டி நாலாவது இருப்பதுபோல் பேசுவது வழக்கம். சான்றிதழின் படத்தைக் காட்டினால், எந்த நிறுவனம், எந்தப் படிப்பின் பெயருக்கு, எந்தத் திகதி வரை தந்தது என்று மூன்றையும் வாசியுங்கள். இவற்றைவிட உறுதியான சோதனை வேறொன்று உண்டு: போன பட்ச் முடித்தவர்களில் பேரவைப் பதிவு பெற்ற இரண்டு பேருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போது அந்த ஒன்றரை வருடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுத் தாதியர் பயிற்சிக்குக் குறைந்தது 3 வருடம், 4,600 மணித்தியாலம். அதில் பாதிக்குக் குறையாமல் நோயாளியோடு செய்யும் பயிற்சி. சனி ஞாயிறு நாளுக்கு 6 மணித்தியாலம் என்றால் வாரத்துக்கு 12. ஒன்றரை வருடத்தில் 78 வாரம். லீவு, போயா, பரீட்சை எதுவும் கழிக்காமலேயே 936 மணித்தியாலம்தான் வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு. வாரம் 35 மணித்தியாலம், வருடத்துக்கு 44 வாரம், 3 வருடம் என்று முழுநேரமாகப் படித்தால் 4,620 வரும். தாதியர் படிப்பு ஏன் எங்கே போனாலும் மூன்று நாலு வருடமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. வார இறுதியில் முடியும் படிப்பை வைத்து ஐரோப்பாவில் தாதி வேலை என்று யாராவது சொன்னால், அவருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

அந்த மாதிரிப் படிப்பு எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. பராமரிப்பாளர் என்ற தொழிலுக்கு என்.வி.கியூ. உண்டு, முதியோரைக் குளிப்பாட்ட, எழுப்பி உட்கார வைக்க, படுக்கைப்புண் வராமல் பார்க்கப் படிப்பிக்கிறார்கள். மரியாதையான வேலை, ஆளும் தேவை. பராமரிப்பாளர் படிப்பைத் தாதியர் படிப்பின் விலைக்கு விற்பதுதான் பிழை. "உதவித் தாதி", "நேர்சிங் எய்ட்", "ஹெல்த் அண்ட் சோஷல் கெயார் எச்.என்.டி." எல்லாம் இந்த வகைக்குள்தான் வரும். கடைசியாகச் சொன்னது பிரித்தானியப் பெயருடன் வருவதால் பலர் மயங்குகிறார்கள்; பிரித்தானியாவிலேயே அதை வைத்துத் தாதியாகப் பதிய முடியாது. சில பெரிய தனியார் வைத்தியசாலைகள் தங்கள் தேவைக்குத் தாங்களே பயிற்சி கொடுத்து வேலைக்கும் எடுக்கின்றன. அங்கே உண்மையான வாட்டு வேலை பழகலாம், கையில் சம்பளமும் வரும். ஆனால் அந்தச் சான்றிதழ் அந்தச் சுவருக்கு வெளியே எங்கே செல்லும் என்பதை அதே பேரவைக் கேள்வியால்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது அரசாங்கப் பயிற்சி. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் 3 வருட டிப்ளோமா. நமக்குக் கிட்ட இருப்பவை வவுனியாவும் யாழ்ப்பாணமும், கிழக்கே மட்டக்களப்பு. படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவு உண்டு, முடித்ததும் தாதிய உத்தியோகத்தராக நியமனம். வன்னியின் சராசரி வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. குறைபாடு என்னவென்றால் இது வருடாவருடம் ஒரே மாதத்தில் வரும் அழைப்பு அல்ல. வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது எந்த ஆண்டு உயர்தரம் எழுதியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று குறிப்பிட்டே கேட்பார்கள். சில வேளை இரண்டு ஆண்டுக்காரரைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். தமிழிலும் இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு வெள்ளியும் இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். முகநூலில் யாரோ போடும்வரை இருந்தால் முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் தெரியவரும். அப்போதுதான் ஓட்டம் தொடங்கும்.

தகுதியில் உயர்தர விஞ்ஞானப் பாடங்களுடன் ஓ.எல். (சாதாரண தரம்) பெறுபேறும் பார்க்கப்படும். மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றில் கேட்கும் தரத்தை அந்தந்த வர்த்தமானியில் சரி பாருங்கள். ஆங்கிலத்தில் விழுந்திருந்தால் இப்போதே திரும்ப எழுதப் போடுங்கள். அறிவித்தல் வந்தபின் எழுதிப் பயனில்லை. வயதெல்லையும் உடற்தகுதியும் அதே அறிவித்தலில் இருக்கும். தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: ஆண்களுக்கான இடம் மிகக் குறைவு, ஆகவே இதை மட்டும் நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடாதீர்கள்.

நேர்முகத்தில் வன்னிப் பிள்ளைகள் இடறும் இடம் பெரும்பாலும் கடதாசிதான், அறிவு அல்ல. இடம்பெயர்வில் மூலப் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் எத்தனை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஓ.எல். பெறுபேற்றில் தகப்பன் பெயர் முன்னால், உயர்தரத்தில் முதலெழுத்து மட்டும். "ஷ" வரும் இடத்தில் "ச", ஆங்கிலத்தில் "ரி" வரும் இடத்தில் "டி". ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அங்கே பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் வழி இருக்கிறது, ஆனால் அது மாதக்கணக்கில் இழுபடும். சிறு வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பெரிய வேறுபாடு என்றால் பதிவாளர் ஊடாகத் திருத்தம்தான். பரீட்சைத் திணைக்களத்தின் பெறுபேற்றுச் சான்றிதழை இணையத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம், பாடசாலை தந்த பிரதியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இவை எல்லாம் அழைப்பு வர முன்னர் முடிய வேண்டிய வேலை.

தெரிவான பின் பிணையாளர்களுடன் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டிவரும். எத்தனை வருடம் சேவை செய்ய வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு வரியையும் பிணை நிற்பவரும் சேர்ந்து வாசிக்கட்டும். எந்தக் கல்லூரி என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. ஒதுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நியமனமும் அப்படியே, முதல் இடம் தெற்கில் வரலாம்.

பல்கலைக்கழகப் பட்டம் 4 வருடம், ஆங்கில மூலம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இணை சுகாதார விஞ்ஞான பீடத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பில் உள்ள சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் இருக்கிறது. பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு, கொழும்பு ஆகியவற்றிலும் உண்டு. வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் வந்ததால் அங்கேயும் நேர்சிங் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் என்ற மூன்று பீடங்களுடன் தொடங்கியது. தாதியர் பட்டத்துக்கு வவுனியாவை நம்பி இருக்க வேண்டாம்.

அனுமதிக் கணக்கில் வன்னிக்கு ஒரு சாதகம் உண்டு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்த 16க்குள் இருக்கின்றன. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படாமல் முல்லைத்தீவு நிரலில் நேர்சிங் வரியைப் பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் கடைசி நாலைந்து வருடத்தையும் எழுதி வையுங்கள். சிறிய மாவட்டம் என்பதால் ஓரிருவர் மாறினாலே புள்ளி ஏறி இறங்கும். ஒரு சி, இரண்டு எஸ் என்பதில் ஒன்றும் சொல்ல முடியாது, பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் இசட் புள்ளிதான் பேசும். மாவட்டம் என்று எடுப்பது உயர்தரம் எழுத முந்திய மூன்று வருட நிரந்தர வதிவிடத்தை. யாழ்ப்பாணத்தில் ஹொஸ்டலில் நின்று படித்த துணுக்காய்ப் பிள்ளை இதில் குழம்பிப்போவதுண்டு. கிராம அலுவலர் சான்றையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் தயாராக வையுங்கள்.

விருப்ப வரிசை நிரப்புவதில்தான் பெரிய இழப்பு நடக்கிறது. நேர்சிங் என்பது ஒரு வரி அல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நேர்சிங்குக்கும் தனிக் குறியீடு. "யாழ்ப்பாணம் மட்டும் போதும்" என்று ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, மட்டக்களப்பில் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை விட்டவர்கள் பலர். வெட்டுப்புள்ளி கூடியதை மேலே, குறைந்ததைக் கீழே என்று அடுக்குவதும் பிழை. உங்களுக்குத் தகுதியுள்ளவற்றில் மேலே உள்ளதைத்தான் தருவார்கள். உயிரியல் விஞ்ஞானத்தை மேலே போட்டு நேர்சிங்கைக் கீழே போட்டால், உயிரியல் விஞ்ஞானம் கிடைத்த பிறகு நேர்சிங் வேண்டும் என்று அழ முடியாது. பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பாட நிபந்தனையை முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டும் கிடைத்தால் எது? பட்டம் முடித்த அன்றே நியமனம் கையில் வராது. அமைச்சு தனியாக ஆட்சேர்ப்புச் செய்யும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு சில பட்ச்சுக்கு நீண்டிருக்கிறது. டிப்ளோமாக்காரர் மூன்றாம் வருட முடிவில் சம்பளப் பக்கம் வந்துவிடுவார். வீட்டில் கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், தகப்பனுக்கு நிலையான வருமானம் இல்லை என்றால் நான் டிப்ளோமாவைத்தான் சொல்வேன். பட்டத்தின் பலன் பிற்காலத்தில்: விரிவுரை, ஆராய்ச்சி, மேற்படிப்பு, சில நாடுகளில் பதிவு எளிதாவது. அதற்காக டிப்ளோமா எடுத்தவருக்குக் கதவு அடைபட்டதென்று இல்லை. பதிவுபெற்ற தாதியருக்கான பட்டப்படிப்பைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் நடத்துகிறது. வேலை செய்துகொண்டே முடித்தவர்கள் வடக்கிலும் நிறைய.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும் வாய்ப்பு இருந்தால் கட்டடத்தையும் கணினி அறையையும் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது வாட்டை. எந்த வைத்தியசாலையில் பயிற்சி, எந்த எந்த வாட்டு, எத்தனை கட்டில், ஒரு ரியூட்டருக்கு வாட்டில் எத்தனை மாணவர், ரியூட்டர் வாட்டுக்கு வருவாரா அல்லது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுவாரா. மருத்துவம், சத்திரசிகிச்சை, சிறுவர், மகப்பேறு, உளநலம், சமூக சுகாதாரம் என்று எல்லாப் பக்கமும் சுற்ற வேண்டும். தனியார் இடங்கள் சறுக்குவது இங்கேதான். வகுப்பறை வாடகைக்கு எடுக்கலாம், வாட்டை எடுக்க முடியாது. "வைத்தியசாலையுடன் பேச்சு நடக்கிறது" என்றால் இல்லை என்று அர்த்தம். ஒப்பந்தத்தின் திகதியைக் கேளுங்கள்.

சீனியர் மாணவி ஒருவரிடம் செயன்முறைப் பதிவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கதீற்றர் போடுவது, காயத்துக்கு மருந்து கட்டுவது, மூக்குவழிக் குழாய் ஊடாக உணவு கொடுப்பது, ஊசி போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் பார்த்தது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது என்று கட்டங்கள் இருக்கும். பக்கத்தில் திகதி, கையொப்பம். திகதிகள் மூன்று வருடத்துக்குள் பரவி இருக்கின்றனவா, வெவ்வேறு வாட்டுச் சிஸ்டர்மாரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பேனா, ஒரே கை, ஒரே கிழமைக்குள் முப்பது கையொப்பம் என்றால் பரீட்சைக்கு முன் இருந்து நிரப்பியது. அந்தக் கல்லூரியில் படித்தவர் முதல் நைற் டியூட்டியில் நடுங்குவார்.

பெரிய ஆஸ்பத்திரியா சின்ன ஆஸ்பத்திரியா என்பதற்கு ஒரே பதில் இல்லை. யாழ்ப்பாணம் வடக்கின் ஒரே போதனா வைத்தியசாலை. விதவிதமான நோயும், விசேட பிரிவுகளும் அங்கேதான். ஆனால் மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவர், தாதிய மாணவர் என்று ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நிற்பார்கள். வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடத்தில் கையில் வேலை அதிகம் விழும், தமிழும் சிங்களமும் பேசும் நோயாளிகள் இரண்டு பேருமே வருவார்கள். மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் ஆதார வைத்தியசாலைகளில் பின்னாளில் வேலை செய்யப்போகிறவருக்கு அந்தப் பழக்கம் பெரிய உதவி. கிராமத்து வாட்டில் விசேட வைத்தியரை உடனே கூப்பிட முடியாத இரவுகளில் தாதியின் கண்தான் முதல் எச்சரிக்கை.

ஹொஸ்டலைப் பற்றியும் கேட்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் முறை வழமையாகக் காலை 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் காலை 7. ஏழு மணி முறைக்கு ஆறரைக்கே வாட்டில் நிற்க வேண்டும். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ நாளாந்தம் பஸ்ஸில் வந்து இதைச் செய்ய முடியாது, முயற்சி செய்து பார்க்கவும் வேண்டாம். தங்குமிடம் வளவுக்குள்ளா வெளியேயா, இரவு 7க்கு முடித்து வருபவருக்கு வெளிச்சமான பாதை இருக்கிறதா, முறை மாறும் நாளில் சாப்பாடு எடுத்து வைப்பார்களா. அற்பமாகத் தெரியும், இடையில் விட்டுவிட்டு வருகிறவர்களின் காரணங்களைக் கேட்டால் பாதி இவைதான்.

படிப்புக்குத் தயாராகிறாரா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். உயிரியல் நன்றாக வரும் பிள்ளைகள் சறுக்கும் இடம் கணக்கு. 1,000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், சேலைன் ஏற்றும் குழாய்ச் செற் மில்லிலீற்றருக்கு 20 துளி விடும். நிமிடத்துக்கு எத்தனை துளி? 1,000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, 42 என்று வைப்பார்கள். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 7.5 மில்லிலீற்றர். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளினால் 75 ஆகிவிடும். இந்த அளவுக் கணக்கு பேப்பரில் தடுமாறாமல் வந்தால் போதும். வராவிட்டால் சேர முன்னர் மூன்று மாதம் ஓ.எல். கணிதத்தின் விகிதமும் அலகு மாற்றமும் திரும்பச் செய்யட்டும்.

மொழி பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கட்டில்தலைச் சீட்டு, மருந்து அட்டை, கையில் வரும் பாடநூல் எல்லாம் ஆங்கிலம். நோயாளி தமிழ். வைத்தியரோ கூட வேலை செய்பவரோ சிங்களமாக இருக்கலாம். அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சியும் பின்னால் கேட்பார்கள். காத்திருக்கும் மாதங்களில் பேச்சுச் சிங்களம் பழகுவது, வேறெந்தக் குட்டிக் கோர்ஸையும்விடப் பிரயோசனம்.

வெளிநாடு என்ற ஆசையில் பிழை இல்லை, வரிசையைப் புரிந்தால் போதும். மத்திய கிழக்கு வேலைகளுக்குப் பதிவும் வாட்டு அனுபவமும், சான்றிதழ் சரிபார்ப்பும், கணினிப் பரீட்சையும். பிரித்தானியாவுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில் 7, எழுத்தில் மட்டும் 6.5, அல்லது சுகாதாரத் தொழிலாளருக்கான ஓ.ஈ.ரி. ஆங்கிலப் பரீட்சையில் அதற்குச் சமமான பெறுபேறு; அதன்பின் கணினிப் பரீட்சை, அங்கே போய்ச் செயன்முறைப் பரீட்சை. ஜேர்மனியில் 2020 முதல் நடைமுறையில் உள்ள மூன்று வருடப் பொதுத் தாதியர் பயிற்சியில் இங்கிருந்து நேரடியாகவே சேரலாம், பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. ஆனால் ஜேர்மன் மொழி பெரும்பாலும் பி2 மட்டம், அதாவது தடையின்றிப் பேசி எழுதும் அளவு, கேட்பார்கள். மொழி படிக்காமல் "விசா எடுத்துத் தருகிறோம்" என்று ஏஜென்சி பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடலாம்.

இந்தியாவைப் பற்றி. அங்கே பி.எஸ்சி. நேர்சிங் 4 வருடம். கல்லூரி இந்தியத் தாதியர் கவுன்சில் பட்டியலிலும், மாநிலக் கவுன்சில் பட்டியலிலும், தமிழ்நாடு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பிலும் இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். சொந்தமாகவோ இணைப்பாகவோ எந்த வைத்தியசாலையில் பயிற்சி, அங்கே உண்மையில் நோயாளி படுத்திருக்கிறாரா என்பதும் முக்கியம். வெறும் கட்டில் காட்டும் கல்லூரிகள் அங்கும் இருக்கின்றன. திரும்பி வந்து இங்கே பதிய என்ன வேண்டும் என்று நம் பேரவையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். முடித்து வந்தபின் கேட்பது நாலு வருடம் பிந்திய கேள்வி. மாணவர் விசா, ஹொஸ்டல், போக்குவரத்து எல்லாம் கூட்டினால், இங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும் டிப்ளோமாவுக்கு முன் அது எனக்கு இரண்டாம் தெரிவுதான். இங்கே வயதெல்லை தாண்டிவிட்டவருக்கு, அல்லது அங்கே ஏற்கெனவே குடும்பம் இருப்பவருக்கு வேறு கதை.

பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், விளம்பரத்தில் உள்ள தொகையைக் கேட்காதீர்கள். பதிவு, பரீட்சை, மீள்பரீட்சை, சீருடை, வாட்டுப் பயிற்சிக் கட்டணம், வெளிநாட்டு இணைப்புக் கட்டணம், பட்டமளிப்பு என்று எல்லாம் கூட்டிய முழுத்தொகையை எழுதி வாங்குங்கள். தவணை தவணையாகக் கட்டுவதற்கு ஒத்துக்கொள்ளாத, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று எழுதித் தராத இடத்தில் கட்டாதீர்கள். கிழமைக் கிழமை வந்து வசூலிக்கும் நுண்கடனை இதற்கு எடுக்கவே வேண்டாம். படிப்பு முடிந்து முதல் சம்பளம் வர மூன்று வருடமாவது ஆகும், அந்தக் கடன் மூன்றாம் கிழமையே வாசலுக்கு வந்துவிடும்.

உங்கள் தங்கச்சிக்கு இப்போதைக்கு: கம்பஸ் விண்ணப்பத்தில் எல்லா நேர்சிங் குறியீடுகளும், வெள்ளிக்கிழமை வர்த்தமானி, பத்திரங்களைச் சரிசெய்தல், கணக்கும் சிங்களமும் ஆங்கிலமும். இதோடு ஒரு காரியம், எல்லாரும் கடைசியில் நினைக்கிறது: ஈரல் அழற்சி பி தடுப்பூசி. வாட்டுக்குள் கால் வைக்க முன்னர் பாதுகாப்பு இருக்க வேண்டும். குழந்தையில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் தேடி எடுத்து, பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டுங்கள். இல்லாவிட்டால் மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி லீற்றருக்கு 10 அலகுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தம் எட்டு மாதம் எடுக்கும் வேலை என்பதால், அழைப்புக் கடிதம் வந்தபின் தொடங்கினால் முதல் வாட்டுச் சுற்றுக்கு முன் முடியாது.